வயதுக்கோளாறு

பதினைந்து வயதுப் பையன் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தால் "வயதுக்கோளாறு" என்கிறோம். நாற்பத்தைந்து வயதுக்காரர் திடீரென வேலையை உதறிவிட்டு கிடார் கற்றுக்கொள்ளக் கிளம்பினால் அதற்கும் அதே சொல். எழுபத்தைந்து வயதுப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினால், குரலைச் சற்றுத் தாழ்த்தி, "எல்லாம் வயதுதான்" என்கிறோம். மூன்று பேருக்கும் நேர்வது வேறு வேறு. காரணம் மட்டும் எப்படியோ ஒன்றாகிவிடுகிறது.

யோசித்துப் பார்த்தால் அந்தச் சொல் எதையும் விளக்கவில்லை. இரும்பு ஆண்டுக்கணக்கில் வெளியே கிடந்தால் துருப்பிடிக்கிறது. துருவை உண்டாக்கியவை காற்றும் ஈரமும். அவை வேலை செய்வதற்கு ஆண்டுகள் அவகாசம் கொடுத்தன, அவ்வளவே. வளர்ச்சி உளவியல் என்ற துறையின் நூற்றாண்டு உழைப்பைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால், "வயது" என்று நாம் எழுதிவைத்த இடத்தை அழித்துவிட்டு அங்கே உண்மையில் வேலை செய்வது எது என்று எழுதும் முயற்சி என்பேன். அந்த முயற்சி எப்போதும் வென்றதில்லை. வென்ற இடங்கள் சுவையானவை.

பிறந்து சில நாட்களே ஆன குழந்தையைக் கைக்கடியில் பிடித்துத் தூக்கி, பாதம் தரையில் படும்படி நிறுத்தினால், அது நடப்பதுபோலக் கால்களை மாற்றி மாற்றி எடுத்துவைக்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இந்த அசைவு மறைந்துவிடும். மூளையின் மேற்பகுதி முதிர்ச்சியடையும்போது பிறவியிலேயே வந்த அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அமெரிக்க ஆய்வாளர் எஸ்தர் தெலனுக்கு அதில் ஒரு நெருடல். நிறுத்தினால் காலெடுத்து வைக்காத அதே குழந்தை, மல்லாக்கப் படுக்கவைத்தால் அதே தாளத்தில் காலை உதைக்கிறது. படுத்தால் அனுமதித்து, நின்றால் மட்டும் தடுக்கும் மூளை என்ன மூளை?

1984இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வின் விடை எளிமையானது. அந்த மாதங்களில் குழந்தையின் கால்கள் வேகமாகக் கொழுக்கின்றன. சதை கூடும் வேகத்துக்குத் தசையின் வலு கூடுவதில்லை, எனவே காலைத் தூக்க முடிவதில்லை. இதைச் சோதிக்க, இன்னும் காலெடுத்துவைக்கும் குழந்தைகளின் கால்களில் சிறு எடைகளைக் கட்டினார்கள். எட்டுகள் குறைந்தன. அசைவு குறைந்துபோன குழந்தைகளைக் கால் மூழ்கும் அளவு தண்ணீரில் நிறுத்தினார்கள். எடை இலேசானதும் எட்டுகள் பெருகின. மூளை முதிர்ச்சி என்று எல்லோரும் பெயரிட்டு வைத்திருந்த ஒன்றைத் தண்ணீர்த் தொட்டி கலைத்துவிட்டது. வளர்ச்சி என்பது மூளைக்குள் எழுதிவைத்த அட்டவணை ஒன்று விரிவது மட்டும் இல்லை. உடலின் எடை, தசையின் வலு, நிற்கும் தரை எல்லாம் சேர்ந்து அந்தந்தக் கணத்தில் உருவாக்குவது என்ற எண்ணம் இத்துறையில் வேர்விட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு நிஜமாகவே நடக்கத் தொடங்கும் குழந்தையின் உழைப்பையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கேரன் அடால்ஃப் குழுவினர் 2012இல் தந்த கணக்கின்படி, பன்னிரண்டு முதல் பத்தொன்பது மாதக் குழந்தைகள் தம்போக்கில் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 எட்டுகள் வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள். "ஒரு வயதானால் தானாக நடந்துவிடும்" என்கிறோமே, அந்தத் "தானாக" என்ற சொல்லுக்குள் இவ்வளவு விழுதல்கள் இருக்கின்றன. அடால்ஃபின் இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட வியப்பானது. தவழ்ந்து பழகிய குழந்தை செங்குத்தான சரிவின் விளிம்பில் தயங்கி நின்றுவிடும். அதே குழந்தை நடக்கத் தொடங்கிய புதிதில் அதே சரிவில் தயக்கமே இல்லாமல் இறங்கி உருளும். தவழும் உடம்பு கற்ற எச்சரிக்கை நடக்கும் உடம்புக்குக் கைமாறவில்லை. மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும்.

பருவம் பிரித்துப் பார்ப்பது பழைய ஆசை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வாரானை என்று குழந்தைமையைப் பத்தாகப் பிரித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்த ஆசைக்கு அறிவியல் உருக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருக்குப் பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் தேர்வுகளைச் சீர்படுத்தும் வேலை. சரியான விடைகளை எண்ணினால் போதும். அவர் கவனமோ தவறான விடைகளில் போய் நின்றது. ஒத்த வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரியாகத் தவறு செய்தார்கள். தவறுக்குள்ளும் ஒரு தர்க்கம் இருந்தது. குழந்தை குறைவாக அறிந்த பெரியவர் இல்லை, வேறு விதமாகச் சிந்திப்பவர் என்ற அவருடைய அடிப்படைக் கருத்து அங்கேதான் முளைத்தது.

அவருடைய சோதனைகளில் புகழ்பெற்றது அகலமான குவளையிலிருந்து தண்ணீரை உயரமான ஒடுங்கிய குவளைக்கு மாற்றுவது. குழந்தையின் கண்ணெதிரேதான் ஊற்றுகிறோம். ஆனாலும் ஐந்து வயதுக் குழந்தை உயரக் குவளையில்தான் தண்ணீர் அதிகம் என்று உறுதியாகச் சொல்லும். ஏழு வயதை ஒட்டி அதே குழந்தை, "வேறு எதுவும் ஊற்றவில்லையே, அதே தண்ணீர்தானே" என்று நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கும். இந்த மாற்றத்துக்குப் பியாஜே சொன்ன இயக்கம் இரண்டு அசைவுகள் கொண்டது. புதிதாகப் பார்ப்பதை ஏற்கெனவே உள்ள எண்ணச் சட்டத்துக்குள் போட்டுப் பார்ப்பது தன்வயமாக்கல். நான்கு கால் உள்ளதெல்லாம் நாய் என்பதுபோல. சட்டத்துக்குள் அடங்காதபோது சட்டத்தையே மாற்றிக்கொள்வது தகவமைத்தல். இந்த இழுபறியில் சிந்தனை நான்கு கட்டங்களாக மறுகட்டுமானம் ஆகிறது என்றார்.

கட்டங்களைப் பற்றிய விமர்சனம் ஏராளம். எனக்குப் பிடித்தது 1974இல் மெக்காரிகல், டொனால்ட்சன் இருவரும் செய்தது. இரண்டு வரிசைகளில் சமமாக வில்லைகளை அடுக்கிவிட்டு, ஒரு வரிசையை மட்டும் பரப்பிவைத்து "எது அதிகம்?" என்று கேட்டால், சிறு குழந்தைகளில் பெரும்பாலோர் நீளமான வரிசையைக் காட்டுவார்கள். வரிசையைப் பெரியவர் கலைப்பதற்குப் பதிலாக, குறும்புக்காரக் கரடிபொம்மை ஒன்று வந்து கலைத்துவிட்டதாக அமைத்தார்கள். சரியான விடைகள் பல மடங்கு கூடின. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஒரு பெரியவர் மெனக்கெட்டு ஒன்றை மாற்றிவிட்டு, முதலில் கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்டால், "நான் முன்பு சொன்னது தப்புபோல" என்று எண்ணுவது குழந்தையின் சமூக அறிவு. எண் அறிவு இல்லை என்று நாம் மதிப்பெண் போட்டோம்.

பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்த ருஷ்யர் லெவ் வைகாட்ஸ்கி இந்தச் சமூகப் பக்கத்தையே மையமாக்கினார். காசநோய் அவரை 37 வயதில், 1934இல் கொண்டுபோய்விட்டது. மேற்குலகம் அவரைப் படித்தது பல பத்தாண்டுகள் கழித்து. குழந்தை தனியாகச் செய்யக்கூடியது ஒன்று, தேர்ந்த ஒருவர் கூட இருந்தால் செய்யக்கூடியது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு எட்டு வயதுக் குழந்தைகளில் ஒருவர் சிறு குறிப்பு கிடைத்ததும் இரண்டு ஆண்டு முன்னே போய்விடலாம், மற்றவர் அங்கேயே நிற்கலாம். எட்டு வயது என்ற எண் இருவருக்கும் பொது. அதனால் என்ன பயன்?

வளர்ச்சி என்றாலே கூடுவது என்று நினைக்கிறோம். இழப்பும் அதன் பகுதி என்பதற்கு மொழியைவிட நல்ல சான்று இல்லை. இந்தியில் 'த', 'ட' என்ற இரண்டு ஒலிகள் உண்டு. நமக்கு அவை பகலும் இரவும்போல வேறு. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த பெரியவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகக் கேட்கும். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் காட்டியது இது: ஆங்கிலக் குடும்பங்களில் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அந்த வேறுபாட்டைப் பிடித்துவிடுகிறார்கள். பத்து, பன்னிரண்டு மாதங்களுக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விடுகிறது. குழந்தை மந்தமாகிவிடவில்லை, தன் மொழிக்குத் தேவையற்ற வேறுபாட்டில் கவனத்தைச் செலவிடுவதை நிறுத்திக்கொண்டது. அனுபவம் ஆழமாகப் பதியக்கூடிய இத்தகைய சாளரங்களை உணர்திறன் மிக்க காலங்கள் என்கிறார்கள்.

சாளரம் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு ஒரு கொடிய சோதனையைச் செய்துவைத்திருந்தது. 1989இல் ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது, அரசு விடுதிகளில் வரிசைக் கட்டில்களில் கவனிப்பாரற்று வளர்ந்த குழந்தைகளை உலகம் பார்த்தது. பின்னர் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களில் பாதிப்பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் பல அளவைகளில் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களின் பற்றுறவும் மூளையின் மின்னலைகளும் தாமதமாகப் போனவர்களைவிடத் தெளிவாகத் தேறின. மற்றப் பாதியை விடுதியிலேயே விட்டது சரியா என்ற கேள்வி ஆய்வாளர்களை விடாமல் துரத்தியது. வேறு குடும்பம் கிடைத்தால் எவரையும் தடுப்பதில்லை என்ற விதியை வைத்திருந்தார்கள். அந்த விதி எனக்கு முழு நிம்மதி தரவில்லை.

பற்றுறவு என்ற சொல் ஜான் பௌல்பியிடமிருந்து வருகிறது. பால் கொடுப்பவரிடம் குழந்தை ஒட்டிக்கொள்கிறது என்ற அன்றைய எண்ணத்தை அவர் மறுத்தார். ஆபத்தில் ஓடி ஒளியவும், பயம் தெளிந்ததும் கிளம்பிச் சுற்றிப் பார்க்கவும் ஒரு புகலிடம் தேவை, அதுதான் பற்றின் வேலை என்றார். மேரி எய்ன்ஸ்வர்த் அதை அளக்க வழி கண்டார். ஏறக்குறைய இருபது நிமிடச் சோதனை. தாய் அறையை விட்டுப் போகிறார், திரும்பி வருகிறார். போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, திரும்பி வந்ததும் எப்படி வரவேற்கிறது என்பதில்தான் கண். ஓடிவந்து அணைத்துச் சமாதானமாகி மறுபடி விளையாடப் போகும் குழந்தையின் பற்று பாதுகாப்பானது. கண்டுகொள்ளாததுபோல் முகம் திருப்புவதும், அணைத்துக்கொண்டே உதைப்பதும் வேறு வகைகள். இதை வைத்துத் தாய்மார்களுக்கு மதிப்பெண் போடும் பழக்கம் பின்னால் வந்தது. அதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகளும் ஒரே மாதிரிப் பிறப்பதில்லை. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதி 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு சுலபமான குழந்தை, கடினமான குழந்தை, மெல்லப் பழகும் குழந்தை என்று பிறவி மனப்போக்குகளைப் பிரித்தது. கடைசியில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் 'பொருத்தம்': மனப்போக்குக்கும் சூழலின் எதிர்பார்ப்புக்கும் உள்ள இசைவே பின்விளைவைத் தீர்மானிக்கிறது.

மார்ஷ்மெல்லோ சோதனை கேள்விப்படாதவர்கள் குறைவு. 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் தொடங்கியது. இனிப்பை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டாகக் கிடைக்கும். காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் சிறந்தார்கள் என்று மேடைதோறும் சொல்லப்பட்டது. 2013இல் ரோசெஸ்டரில் செலஸ்ட் கிட் குழுவினர் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். இனிப்பு வருவதற்கு முன்பே, ஆய்வாளர் சிலரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், சிலரிடம் வண்ணக்குச்சி தருகிறேன் என்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். ஏமாந்த குழந்தைகள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாறாதவர்கள் 12 நிமிடம். 2018இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு மறுபடி பார்த்தபோது, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் பழைய தொடர்பு மிகவும் மெலிந்துபோனது. கொடுத்த வாக்கு காற்றில் போகும் வீட்டில், கையில் இருப்பதை உடனே தின்பது புத்திசாலித்தனம்.

வளரிளம் பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் என்று 1904இல் ஸ்டான்லி ஹால் வர்ணித்தார். அந்தப் படம் இன்றுவரை நம் மனத்தை விட்டுப் போகவில்லை. பெரும்பாலான வளரிளம் பருவத்தினர் பெரிய புயல் ஏதுமின்றியே கடந்துவிடுகிறார்கள். துணிச்சல் கூடுவது உண்மைதான். கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது, பரிசுக்குத் துடிக்கும் பகுதிகளோ பூப்பெய்தும் காலத்திலேயே விழித்துவிடுகின்றன. இதோடு நிறுத்தினால் மறுபடி "வயதுக்கோளாறு" என்பதை மூளை மொழியில் சொன்னதாக முடியும். 2005இல் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்தார்கள். தனியாக ஓட்டியபோது பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது பதின்பருவத்தினர் எடுத்த ஆபத்து எகிறியது. பெரியவர்களிடம் அந்தப் பாய்ச்சல் இல்லை. ஆகவே "இந்தப் பையன் ஏன் இப்படி?" என்பதோடு "பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னவர்களில் பலர் இருபது வயதோடு கடையை மூடிவிடுவார்கள். வாழ்நாள் முழுவதையும் வளர்ச்சிக்குள் கொண்டுவந்த பெருமையில் பெரும்பங்கு எரிக் எரிக்சனுக்கு. தந்தை யார் என்று தெரியாமல் வளர்ந்தவர், பல்கலைக்கழகப் பட்டம் பெறாமலே ஹார்வர்டில் பேராசிரியரானவர், அமெரிக்கக் குடிமகன் ஆனபோது தன் குடும்பப்பெயரைத் தானே வைத்துக்கொண்டவர். அடையாள நெருக்கடி என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தவர் அவராக இருந்ததில் ஆச்சரியமில்லை. 1950இல் அவர் வரைந்த எட்டுக் கட்டங்களும் நம்பிக்கையா அவநம்பிக்கையா என்ற சிசுவின் கேள்வியில் தொடங்கி, வாழ்ந்த வாழ்வை ஏற்கிறோமா வெறுக்கிறோமா என்ற முதுமையின் கேள்வியில் முடிகின்றன. சோதித்து நிரூபிப்பது கடினம். ஆனால் நடுவயதின் மையக் கேள்வி அடுத்த தலைமுறைக்கு எதை உண்டாக்கிக் கொடுக்கிறோம் என்பதே என்ற அவர் வாதம் இன்னும் பழசாகவில்லை.

நடுவயது நெருக்கடி என்ற சொல் வந்த வழி வேடிக்கையானது. 1965இல் எலியட் ஜாக்ஸ் பெரும் கலைஞர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் அது பிறந்தது. கலைஞர்களுக்கு வெட்டிய சட்டையை எல்லோருக்கும் மாட்டினார்கள். பரந்த ஆய்வுகளில் அத்தகைய நெருக்கடி சிறுபான்மையினருக்கே வருகிறது. பர்னீஸ் நியூகார்ட்டன் சொன்ன சமூகக் கடிகாரம் இந்த வயதுகளுக்கு இன்னும் பொருத்தமான கருத்து. படிப்பு, வேலை, திருமணம், பேரப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் "உரிய நேரம்" என்று ஊர் வைத்திருக்கிற கணக்கு அது. நிகழ்வைவிட அது முந்தியோ பிந்தியோ வருவதுதான் பலரை வதைக்கிறது.

இனி இத்துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட பொறியைப் பார்க்க வேண்டும். அறிவுத்திறன் எந்த வயதில் குறையத் தொடங்குகிறது? இருபது, நாற்பது, அறுபது வயதினரை ஒரே நாளில் உட்காரவைத்துத் தேர்வு வைத்தால், முப்பதுக்குப் பிறகே சரிவதுபோல் கோடு இறங்கும். பல காலம் இதை வயதின் விளைவு என்றே நம்பினார்கள். வார்னர் ஷை 1956இல் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வில், அதே மனிதர்களை ஏழாண்டுக்கு ஒருமுறை மீண்டும் சோதித்தார். பெரும்பாலான திறன்கள் அறுபதுகள் வரை தாக்குப்பிடித்தன. அப்படியானால் முன்பு கண்ட சரிவு? அறுபது வயதினர் வேறொரு காலத்தில் பிறந்தவர்கள். குறைவாகப் பள்ளிக்குப் போனவர்கள், வேறு உணவு, வேறு மருத்துவம், வேறு வேலை. தலைமுறைகளின் வேறுபாடு வயதின் வேடத்தில் வந்திருந்தது. ஷையின் முறையிலும் ஓட்டை உண்டு. நோயாளிகள் பாதியில் நின்றுவிடுவார்கள், தொடர்ந்து வருபவர்களுக்குத் தேர்வு பழகிவிடும். அதனால்தான் அவர் ஒவ்வொரு சுற்றிலும் புதியவர்களையும் சேர்த்துக்கொண்டே போனார்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்பவர்களுக்கு அதே ஆய்வில் ஒரு பதில் உண்டு. 1986இல் ஷையும் ஷெர்ரி வில்லிஸும் 64 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தே ஐந்து மணிநேரப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றில் இரு பங்கினர் முன்னேறினார்கள். திறன் குறைந்திருந்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலைக்கே திரும்பினார்கள்.

காலமும் வயதும் சந்திக்கும் இடத்தை க்ளென் எல்டரைப்போல் யாரும் காட்டவில்லை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தைக் கலிஃபோர்னியாவில் கடந்த இரண்டு குழுக்களை அவர் ஒப்பிட்டார். ஓக்லண்ட் பிள்ளைகள் 1920-21இல் பிறந்தவர்கள், பெர்க்லி பிள்ளைகள் 1928-29இல். தந்தையின் வருமானம் சரிந்தபோது ஓக்லண்ட் பையன்கள் வெளிவேலைக்குப் போகும் பருவத்தில் இருந்தார்கள். குடும்பத்துக்குத் தேவைப்பட்டார்கள், அதனால் நிமிர்ந்தார்கள். பெர்க்லி பையன்களுக்கு அப்போது நடக்கப் பழகும் வயது. குடும்பம் உடைவதைப் பார்க்க மட்டுமே முடிந்தது. பதின்பருவத்தில் தன்னம்பிக்கை குன்றிப் படிப்பில் பின்தங்கினார்கள். கதை அங்கே முடியவில்லை. அவர்களில் பலரை இராணுவச் சேவையும் அதைத் தொடர்ந்த படிப்பும் பிற்பாடு தூக்கி நிறுத்தின.

முதுமையில் எல்லாம் ஒருசேரக் குறைவதில்லை. புதிய சிக்கலை வேகமாக அவிழ்க்கும் பாய்மத் திறன் சீக்கிரம் தளர்கிறது. சொல்வளமும் சேர்த்துவைத்த அறிவுமான படிகத் திறன் நெடுநாள் நிற்கிறது. ரேமண்ட் கட்டெல் செய்த பிரிவினை இது. பால் பால்டஸ் இதைப் பொதுமைப்படுத்தி, எந்த வயதிலும் வளர்ச்சி என்பது ஆதாயமும் இழப்பும் கலந்தது, வயதோடு மாறுவது விகிதம் மட்டுமே என்றார். இழப்பைச் சமாளிக்கும் வழிக்கு அவர் காட்டும் உதாரணம் பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன். எண்பது வயதில் எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் மூன்று தந்திரங்களைச் சொன்னார். குறைவான இசைத்துண்டுகளைத் தேர்ந்துகொள்கிறார், அவற்றை அதிகம் பயில்கிறார், வேகமான பகுதிக்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாக வாசிக்கிறார். கேட்பவருக்கு வேகம் வேகமாகவே கேட்கிறது.

முதியவர்களின் நட்பு வட்டம் சுருங்குவதையும் இழப்பாகவே கணக்கெழுதினார்கள். லாரா கார்ஸ்டென்சன் அந்தக் கணக்கை மறுத்தார். அவருடைய கேள்வி சாதாரணமானது: உங்களுக்கு அரைமணி நேரம் ஓய்வு கிடைக்கிறது. நெருங்கிய உறவினர், நீங்கள் அண்மையில் படித்த நூலின் ஆசிரியர், உங்களோடு ஒத்துப்போகக்கூடிய புதிய அறிமுகம், இம்மூவரில் யாரோடு கழிப்பீர்கள்? இளையவர்கள் பிரிந்து நிற்பார்கள். முதியவர்கள் பெரும்பாலும் உறவினர் பக்கம் சாய்வார்கள். நீங்கள் எதிர்பார்ப்பதைவிட இருபது ஆண்டுகள் கூடுதலாக நலமாக வாழ்வீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றதும் முதியவர்களின் சாய்வு குறைந்துவிட்டது. அவர்களை நடத்தியது கடந்துபோன ஆண்டுகள் அல்ல என்று கார்ஸ்டென்சன் முடிவுசெய்தார். மீதி இருப்பதாக அவர்கள் உணர்ந்த காலம். ஹாங்காங் 1997 ஜூலையில் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறியது. அதற்கு ஓராண்டு முன் அங்கே இதே கேள்வியைக் கேட்டபோது இளையவரும் முதியவரும் வழக்கம்போல வேறுபட்டார்கள். இரண்டு மாதம் முன் கேட்டபோது இளையவர்களும் முதியவர்களைப்போலவே நெருங்கியவர்களைத் தேர்ந்தார்கள். ஓராண்டு கழித்துக் கேட்டபோது மறுபடியும் இளையவர்களாகிவிட்டிருந்தார்கள்.